தமிழறியா இயக்குநரும் தமிழ்த்துறையும்

எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் பெயரைக் கேட்டவுடன், "ஆங்கிலேயரா?" என்று நம் மாணவர் வினவுவர். அல்லர், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றவர். 1935இல் இந்தியா போந்து 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய 'சதிலீலாவதி' (1936) இவர் இயக்கியதே. தமிழோ அவருக்குத் தெரியாது. ஆயினும் அவர் படங்கள் தமிழ்த்துறையார் கருதத்தக்கன என்பது நம் துணிபு.

அவர் இயக்கிய கதைகளை நோக்குக. 'அம்பிகாபதி' (1937) கம்பர் மைந்தனின் காதற்கதை. கம்பர் பிறந்த தேரழுந்தூர் நமக்குச் சேய்மையன்று. 'காளமேகம்' (1940) படத்தில் கவிஞராக நடித்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. நாகைக் காத்தான் சத்திரத்துச் சோற்றின் தாமதத்தைப் பாடிய புலவரை நம்மூரார்க்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டுமா என்ன? 'மந்திரி குமாரி' (1950) குண்டலகேசியின் வழிவந்தது. அதற்கு உரையாடல் எழுதிய கலைஞர் மு. கருணாநிதி, நம் மாவட்டத்துத் திருக்குவளையினர். சில செய்யுட்களே எஞ்சிய ஒரு பௌத்தக் காப்பியத்தின் கதை, சூடாமணி விகாரம் நின்ற நாகையின் திரையரங்குக்குப் படமாக வந்தது நமக்கு வியப்பளிக்கிறது.

கதையைத் தேர்ந்தவர் தயாரிப்பாளர், மொழி தந்தவர் இளங்கோவன் முதலியோர், இதில் டங்கனுக்கு என்ன பெருமை எனலாம். நியாயமான வினாவே. சொல்லின் நயத்தை அவர் தம் செவியால் ஆராய்ந்திருக்க இயலாது. அப்பொறுப்பு முழுதும் எழுதியவரையும் நடித்தவரையுமே சார்ந்தது. அவருடையது கண். அக்காலப் படங்கள் பலவும் நாடக மேடையை எதிரில் அமர்ந்து பார்ப்பன போன்றவை. டங்கனோ முகத்தை நாடிச் சென்றார். 'மீரா' (1945) படத்திற்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாக வடிப்பித்து, அதன்மீது பல கோணங்களில் ஒளியைப் பாய்ச்சி, எக்கோணம் பொருந்தும் என்று முன்கூட்டியே ஆராய்ந்தனராம். 'அம்பிகாபதி'யில் இளங்கோவனின் உரைநடை எடுபட்டதற்கும் இந்த அண்மைக் காட்சியே துணை என்போம். காதலர் மெல்லப் பேசும் பேச்சுக்கு முகம் அருகில் தெரிய வேண்டுமன்றோ?

'மந்திரி குமாரி'யின் மலையுச்சிக் காட்சி இன்றும் காணக் கிடைக்கிறது. கொல்லக் கருதி அழைத்து வந்த கணவனை வலம் வந்து வணங்குவாள்போல் சுற்றி, அவனையே கீழே தள்ளுகிறாள் மாதுரிதேவி. வகுப்பில் நாம் ஒரு மணி நேரம் விளக்கியும் மாணவர் நெஞ்சில் ஏறாத இடம் அது. இப்படத்தை இயக்கியதில் டி.ஆர். சுந்தரத்திற்கும் பங்குண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகட்கு முன் மாணவி ஒருவர் 'அம்பிகாபதி'யின் உரையாடலை ஆய்வுப்பொருளாகக் கேட்டார். சினிமா ஆய்வுக்குரியதாகுமா என்று தடுத்தவர் நாமே. அவரும் மறுசொல் கூறாது சிற்றிலக்கியம் ஒன்றை எடுத்து முடித்துச் சென்றார். அன்று நாம் அப்படத்தைப் பார்த்ததே இல்லை. இவ்வாண்டு எவரேனும் அத்தலைப்போடு வருவாராயின், அவரோடு அமர்ந்து முதலில் படத்தைப் பார்த்துவிட்டே பேசுவோம்.