பேட்டரியை ஒட்டி மூடியது யாருக்காக?

சந்தவாசலில் தறி ஓட்டும் வீட்டுக்குச் செல்போன் ஆடம்பரம் அல்ல. சேலை டிசைன் அதில்தான் வருகிறது. கூலி ஏறிய செய்தியும் அதில்தான். அந்தப் போனில் இரண்டே ஆண்டில் சார்ஜ் நிற்காமல் போனால், பேட்டரியை மட்டும் மாற்ற வழி விடாமல் புதுப் போனுக்குத் தவணை கட்ட வைக்கிறார்கள். இந்த வணிகத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

லித்தியம் அயான் பேட்டரி தேய்ந்தே தீரும். சுமார் 500 முழு சார்ஜில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவது சாதாரணம். நூறு சதவீதம் ஏற்றி வெக்கையில் போட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஓட்டுக்கூரைக்குக் கீழே இரவெல்லாம் சார்ஜில் கிடக்கும் போனின் கதி தயாரிப்பாளர்களுக்குத் தெரியாதா? இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருங்கள், சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள் என்று பெட்டிக்குள் தமிழில் இரண்டு வரி அச்சிட்டு வைக்க என்ன செலவாகிவிடும்?

2007இல் நோக்கியாவின் 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று எச்சரிக்கை வந்தது. மக்கள் மூடியைக் கழற்றி, எண்ணைச் சரிபார்த்து, பேட்டரியை மாற்றிக்கொண்டார்கள். 2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது போனையே திருப்பித் தர வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பேட்டரிக்குப் பசை போட்டுவிட்டார்கள். இன்று அது உப்பி, திரையையே தூக்கிய பிறகுதான் பலர் செல்போன் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே ஒரிஜினல் கிடைக்காவிட்டால் டூப்ளிகேட்தான். அது வெடித்தால் யார் பொறுப்பு?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போனின் பேட்டரி, 800 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பின்பும் 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும். அங்கே இந்த விதிக்கு உட்பட்டு விற்கும் நிறுவனங்களே இங்கும் கடை விரித்திருக்கின்றன. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? நமது 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன, நல்லது. ஆனால் பழையதை வாங்கும் இடம் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிட்டால், உப்பிய பேட்டரி குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

நுகர்வோர் விவகாரத் துறை உடனே ஆணையிடட்டும்: தயாரிப்புத் தேதி அச்சிட்ட ஒரிஜினல் பேட்டரி, அறிவித்த விலையில், 7 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு தாலுகாவிலும் கிடைக்க வேண்டும். மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்கும் தமிழக அரசு, இதே நிபந்தனையை அடுத்த டெண்டரிலேயே எழுத வேண்டும். அதை ஏற்காத நிறுவனத்துக்கு ஆர்டர் கிடையாது என்று சொல்ல வேண்டும்.