படத்திற்கும் பெயர்ப்பலகை வேண்டாமா?

தமிழ்ச் சங்கங்களின் வலைத்தளங்களில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. குத்துவிளக்கு ஏற்றுவது, பொன்னாடை போர்த்துவது, குழந்தைகள் மாறுவேடத்தில் நிற்பது என்று எல்லாம் உண்டு. அவற்றில் ஒன்றையாவது கூகுளில் தேடி எடுத்துக் காட்டுங்கள் என்றால் பலரால் முடியாது. அந்தப் படத்தின் பெயர் 'ஐ.எம்.ஜி. 0047' என்று இருக்கும். அது கேமரா வைத்த பெயர். சங்கத்தார் ஒரு பெயரும் வைக்கவில்லை.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் குடியிருக்கும் ஹெப்பகோடியில், பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர், தம் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எங்காவது உண்டா என்று ஒரு மாதமாக இணையத்தில் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. பஸ்ஸில் இருபது நிமிட தூரத்தில் வகுப்பு ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. அறிவிப்பும் வலைத்தளத்தில் இருந்தது. ஆனால் இடம், நேரம், தொலைபேசி எண் அத்தனையும் ஒரே வண்ணப் படத்துக்குள் அடக்கம். வெளியே ஒரு வரி எழுத்துக் கிடையாது. பிறகு, பிள்ளைகள் சேரவில்லை என்று அந்த வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். தேடியவரும் இருந்தார், தேடப்பட்டதும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு படம் நின்றது.

தேடுபொறி நம்மைப் போலப் படத்தைப் பார்த்து ரசிப்பதில்லை. படத்தைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறது. கோப்பின் பெயர், படத்தின் கீழே உள்ள விளக்கம், பக்கத்தின் தலைப்பு, இவற்றோடு 'ஆல்ட்' எனப்படும் மாற்று வாசகம். இந்த ஆல்ட் நேற்று வந்ததல்ல. 1995-ல் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையிலேயே இருக்கிறது. படம் திரையில் வராதபோது அதற்குப் பதிலாக எழுத்தைக் காட்டுவது அதன் வேலை. கூகுள் படத்தேடலைத் தொடங்கியதோ 2001-ல். கண்பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்களும் இந்த வாசகத்தைத்தான் வாய்விட்டுப் படிக்கின்றன. அது இல்லாத இடத்தில், பாவம், சில சமயம் கோப்பின் பெயரையே எழுத்தெழுத்தாகச் சொல்லும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ரயில்வே வரைவு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பாலத்தின் படமோ, பாயிண்டின் படமோ, வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். எண், தலைப்பு, அளவுவீதம், தேதி, திருத்தம் எல்லாம் அதில் வரவேண்டும். கட்டம் காலியாக இருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். ஆயிரக்கணக்கான படங்கள் அடுக்கிய அறையில் கேட்ட படத்தைப் பியூன் ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்து வைப்பார் என்றால், அந்தக் கட்டத்தின் புண்ணியம்தான்.

"இப்போதுதான் படத்தில் உள்ள எழுத்தை இயந்திரமே படிக்கிறதே" என்று இளைஞர்கள் சொல்வார்கள். படிக்கிறது, உண்மை. கைப்பேசியைத் தமிழ்ப் பலகையின் முன் நீட்டினால் வாசித்துவிடுகிறது. ஆனால் நம் கையில் உள்ள படத்தை வாசிப்பது வேறு, உலகத்தில் உள்ள எல்லாப் பக்கங்களிலும் நம் படத்தைத் தேடிப் பிடிப்பது வேறு. முக்கியமான செய்தியைப் படத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள் என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. இன்னொரு சாரார் வாட்ஸ்அப் குழு போதும் என்பார்கள். குழுவில் உள்ளவருக்குப் போதும். ஊருக்குப் புதிதாக வந்தவர் குழுவில் இல்லையே!

வகுப்போடு போவதில்லை இது. பெங்களூரில் தமிழர் வாழ்ந்த தடயமும் படங்களில்தான் சிக்கிக் கிடக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ் துரை 1905-ல் தொகுத்து அச்சிட்டார். மிதிக் சொசைட்டி 2021-ல் இவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவு செய்யத் தொடங்கியது. நம்மவர்களும் சுற்றுலா போய்ப் படம் எடுத்து வருகிறார்கள். எந்தக் கோயில், எந்தச் சுவர் என்று ஒரு வரி எழுதாமல் போட்டால், அது வெறும் கல்லின் படம். இதற்கு மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர்கள் உட்கார்ந்து நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அதனால்தான் இன்று ஒரு சொல்லைக் கொடுத்தாலும் நூல் கையில் வந்து விழுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கோப்புக்குப் பொருளுள்ள பெயர். அதை ஆங்கில எழுத்தில் வைத்தாலும் குற்றமில்லை. தமிழில் வைத்தால் இணைப்பை நகல் எடுக்கும்போது சதவீதக் குறிகளாகச் சிதறிப்போகிறது. சொற்களுக்கு நடுவே சிறு கோடு போடுவது நல்லது. மாற்று வாசகம் தமிழில், ஒரே வாக்கியம்: "மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டு, பெங்களூர்". கீழே விளக்கத்தில் 'பெங்களூரு' என்றும் ஒருமுறை வரட்டும், அப்படித் தேடுகிறவர்களும் உண்டு. அதற்காகத் தேர்தல் சுவரொட்டிப் பட்டங்கள் மாதிரி சொற்களை அடுக்கினால் தேடுபொறி அதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.

அளவும் முக்கியம். கைப்பேசிப் படம் 4000 புள்ளி அகலம், நாலைந்து எம்.பி. கனம். 1200 புள்ளியாகக் குறைத்தால் சில நூறு கே.பி.யில் முடிந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கனமான பக்கம் திறக்கத் தாமதமாகும். பஸ்ஸில் நின்றபடி பார்ப்பவர் காத்திருக்கமாட்டார். மூலப் படத்தை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. பழைய படங்களுக்குப் பெயர் எழுத, ஓய்வு பெற்றவர்கள் இருவரையும் கணிப்பொறி தெரிந்த பிள்ளை ஒருவரையும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு விழா என்று சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1980க்கு முந்தைய படங்களிலிருந்து தொடங்குவது நல்லது.