இரு கதவுகளும் திறக்க வேண்டும்!

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒருமுறை நடந்து பார்ப்போருக்கு நாட்டின் நிலை விளங்கிவிடும். நோட்டுப் புத்தகக் கடையில் கூட்டம். சீருடைத் துணிக் கடையில் கூட்டம். அடகுக் கடையிலும் கூட்டம்! முதல் இரண்டு கடைகளுக்கும் மூன்றாவது கடைக்கும் என்ன உறவு என்று கேட்பவர் பிள்ளை குட்டி இல்லாதவராகத்தான் இருக்க முடியும்.

அடகுக் கடையிலிருந்து இறங்கி வருகிறாரே, அந்தத் தகப்பனார் எங்கே போகிறார்? "சாமியார் பள்ளிக்கூடத்துக்கு", "சிஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு" என்கிறார். அவர் கிறித்தவர் அல்லர். வீட்டுச் சுவரில் முருகன் படம் தொங்குகிறது. மகளின் இடுப்பில் மாங்காடு அம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு இருக்கிறது. எனினும் அவர் தேடிச் செல்வது சிலுவை பொறித்த வாயிலை. பரங்கிமலை தொடங்கி பல்லாவரம், தாம்பரம், சேலையூர் வரையில் இந்தக் காட்சியை ஆண்டுதோறும் காண்கிறோம்.

மதம் மாற்றும் மாயம் என்று இதற்கு விளக்கம் சொல்லித் திரிவோர் சிலர் உண்டு. மூன்று தலைமுறையாக இந்தப் பள்ளிகளில் படித்தும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் குடும்பங்கள் இந்தப் புறநகரில் எத்தனை உண்டு என்று அவர்கள் ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும். அந்தத் தகப்பனார் தேடுவது மதத்தை அல்ல. மணி அடித்தால் வகுப்பு தொடங்கும் பள்ளியைத் தேடுகிறார், பெண் பிள்ளையை அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகக்கூடிய பள்ளியைத் தேடுகிறார், "நீ என்ன சாதி?" என்று கேட்டு இடம் ஒதுக்காத பெஞ்சியைத் தேடுகிறார்.

இந்தப் பெஞ்சி எளிதில் வந்ததல்ல. 1837-ஆம் ஆண்டு ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை அர்மீனியன் தெருவில் 59 பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோதனை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் உள்ளே வந்தனர். "அவர்களை வெளியேற்று, இல்லையேல் எம் பிள்ளைகள் வரமாட்டார்கள்" என்றனர் மேல்சாதிப் பெற்றோர். ஆண்டர்சன் வெளியேற்ற மறுத்தார். போனவர்கள் போனார்கள், பள்ளி நின்றது. அந்தப் பள்ளிதான் 1862-இல் வந்த வில்லியம் மில்லரின் கையில் வளர்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியாகப் பெயர் பெற்று, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஆண்டர்சனை நாம் துதிபாடவில்லை. மாணவரைக் கிறித்தவராக்கும் நோக்கம் அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. 1841-இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது ஊர் கொதித்தது. பள்ளி ஏறத்தாழக் காலியாயிற்று. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1842-இல் பச்சையப்பர் பெயரால் பள்ளி எழுந்தது. ஈழத்தில் வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823-இல் குருமடம் நிறுவினர். அதற்கு எதிராக ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். பாதிரியார் ஒரு பள்ளி கட்டினால், அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் இன்னொரு பள்ளி கட்டினார்கள். இந்தச் சண்டையில் இலாபம் அடைந்தது தமிழன் வீட்டுப் பிள்ளை! சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857-இல் தேறிய இருவரும், சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும், வட்டுக்கோட்டையின் மாணவர்களே. கறையான் அரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பிடித்துக் கலித்தொகையை அச்சேற்றினாரே, அந்தத் தாமோதரம் பிள்ளைதான்.

கிறித்தவக் கல்லூரியின் கதையும் இதுவே. தமிழுக்கு உயர்தனிச் செம்மொழித் தகுதி வேண்டும் என்று முழங்கிய பரிதிமாற் கலைஞர் அங்கே படித்து அங்கேயே தமிழாசிரியராக இருந்தவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான இராதாகிருட்டிணன், 1908-இல் அங்கே முதுகலை மாணவராக இருந்தபோது, பாதிரிமார் இந்து சமயத்தின் மீது சாட்டிய குறைகளுக்கு விடை சொல்வதற்காகவே வேதாந்தத்தின் ஒழுக்க நெறி பற்றி ஆய்வுரை எழுதினார். அதைப் பாராட்டிச் சான்று கொடுத்தவர் யார்? ஏ. ஜி. ஹாக் என்ற மிஷனரிப் பேராசிரியர்! தன்னை மறுத்துப் பேசும் மாணவனைத் தட்டிக்கொடுக்கும் ஆசிரியன் இருந்த இடம் அது. இன்றைய பள்ளி நிர்வாகிகள் சிலர் இந்தச் செய்தியைத் தம் அலுவலக அறையில் எழுதி மாட்டிக்கொண்டால் குற்றமில்லை.

தாம்பரத்துக்கு வருவோம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கிற்று. ஆறே ஆண்டுகளில், நகர நெரிசலில் நெருங்கிக் கிடந்த கல்லூரி, சேலையூர்க் காட்டில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வந்து அமர்ந்தது. முள்ளும் புதருமாக இருந்த இடத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர்தம் துணைவியார் ஆலிசும் மரம் நட்டனர். இன்று நெடுஞ்சாலைப் புகையில் மூச்சுத் திணறும் கிழக்குத் தாம்பரவாசிகள் ஒரு வாய் நல்ல காற்று வாங்குகிறார்கள் என்றால் அந்த மரங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கல்லூரியோடு வந்தவை மூன்று விடுதி இல்லங்கள்: சேலையூர் இல்லம், புனித தோமையார் இல்லம், பிஷப் ஹீபர் இல்லம். உண்பதும் உறங்குவதும் மட்டுமே அங்கே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து விளையாடி, நாடகம் போட்டு, வாதிட்டு வளரும் இடம் அது. ஐயர் வீட்டுப் பையனும் சேரிப் பையனும் ஒரே கூடத்தில் தட்டு ஏந்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! ஒன்றும் ஆகாது என்று கண்ணால் கண்டுகொள்வதுதான் கல்வி. சேரன்மாதேவி குருகுலத்தை நாம் மறந்துவிடவில்லை. தேசத்தின் பெயரால் பணம் திரட்டி நடத்திய அந்தக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி என்றதால் 1925 வாக்கில் தமிழ்நாடே இரண்டுபட்டதன்றோ? பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வி, ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றியதுதான்.

கல்லூரியை விடப் பள்ளிகளில் இந்தக் கூட்டு வாழ்வு இன்னும் ஆழம். காலை வணக்கத்தில் நேராக நிற்கப் பழகுவது ஒரு பாடம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று அணி பிரித்து விளையாட்டு விழாவில் தொண்டை கிழியக் கத்துவது ஒரு பாடம். அங்கே ஒருவனை ஒருவன் அணியின் நிறத்தால் அறிகிறானே அல்லாமல் சாதியால் அறிவதில்லை. டிசம்பர் நாடகத்தில் இசுலாமியர் வீட்டுச் சிறுவன் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு கீழ்த்திசை ஞானியாக வருவான். அவன் பாட்டி முன்வரிசையில் அமர்ந்து தாடி விழுந்துவிடுமோ என்று பதைப்பாள். பரங்கிமலையிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து ஆசிரியைகள் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துக் கரையேற்றினார்கள்! ஒரு வாரம் வராத மாணவியின் வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டிய கன்னியாஸ்திரீகளை இந்தப் பகுதியின் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடைத்தெருவில் வந்தால், ஐம்பது வயதுக் கடைக்காரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்கிறாரே, அது சம்பளக் கணக்கில் வரும் மரியாதையா?

இவ்வளவும் புகழ்ந்த பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. சிலுவை பொறித்த வாயில்கள் எல்லாம் இன்று அப்படி இல்லை. சில இடங்களில் கட்டணச் சீட்டைக் கண்டால் தலை சுற்றுகிறது. பங்குத் தந்தையின் கடிதம் இருந்தால் ஒரு வரிசை, நன்கொடை இருந்தால் ஒரு வரிசை, இரண்டும் இல்லாதவனுக்கு வரிசையே இல்லை என்ற புலம்பல் நம் காதுக்கு எட்டுகிறது. தமிழில் பேசினால் அபராதம் என்று ஒரு வழக்கம் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றைப் பிடித்திருக்கிறது. அதில் கிறித்தவப் பள்ளிகளும் அடக்கம். தரங்கம்பாடியில் 1707-லேயே பெண்களுக்குப் பள்ளி திறந்து, பின்னர் தமிழ் அச்சகமும் அமைத்த சீகன்பால்கு வந்து கேட்டால் என்ன விடை சொல்வார்கள்? வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் போப்பும் இந்தப் பள்ளிகளில் சேர்ந்தால் நாள்தோறும் அபராதம் கட்டியே ஆண்டியாகியிருப்பார்கள்! சாதியும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. சாதிக்கொரு பக்கமாகத் தேவாலயமே கட்டிய வடக்கன்குளத்தின் நிழல் சில நிர்வாகக் குழுத் தேர்தல்களில் இன்றும் விழுகிறது.

ஆனால் குற்றம் முழுவதையும் பாதிரிமார் தலையில் சுமத்துவது சோம்பேறியின் வேலை. கணக்கைப் பார்ப்போம். 1854-இல் உட் என்பவர் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து நம் நாட்டில் மானிய முறை நடக்கிறது. பள்ளியை ஒரு சபை நடத்தும். ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுக்கும். ஏழைப் பிள்ளை சல்லிக் காசு இல்லாமல் கிறித்தவப் பள்ளியில் படிக்க முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான். நாகர்கோவிலிலும் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் சென்னை நகரின் பழைய பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் நிறைய உண்டு. ஆனால் 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தோன்றும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது.

தாம்பரத்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஊர் பெருகியது எப்போது? மாடம்பாக்கம், வேங்கைவாசல், மேடவாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் ஆகிய ஏரிக்கரைக் கிராமங்கள் வீட்டு மனைகளாகி, மாடி வீடுகளாகி, 2021-இல் தாம்பரம் ஒரு மாநகராட்சியே ஆனது. இந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி மானியக் கதவு மூடிய பிறகு வந்தது. ஆகவே புதிய குடியிருப்பில் ஒரு சபையார் நல்லெண்ணத்தோடு பள்ளி தொடங்கினாலும், ஆசிரியர் சம்பளம் பெற்றோர் மடியிலிருந்துதான் வர வேண்டும். கட்டணத்தை ஏற்றினால் ஏழை வெளியே. ஏற்றாவிட்டால் ஆசிரியைக்குக் கிடைப்பது சித்தாள் கூலி. நெல்லைச் சீமையில் கிறித்தவப் பள்ளி என்றால் ஏழையின் பள்ளி. இங்கே கிறித்தவப் பள்ளி என்றால் வசதியுள்ளோர் பள்ளி. வேற்றுமை வேதத்தில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது!

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டது. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் உதவி 2024 டிசம்பரில் கிடைத்தது. வரவேற்றோம். ஆயினும் மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவருக்கென 2020-இல் வந்த ஏழரை விழுக்காடு இவர்களுக்கு இல்லை. கஞ்சி ஒன்று, குடிசை ஒன்று, கேள்வித்தாள் ஒன்று. கல்லூரி வாசலில் மட்டும் ஏன் வேறு கணக்கு?

சிறுபான்மையோர் தம் கல்விக் கூடங்களைத் தாமே நடத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தந்த உரிமை. அதில் கைவைக்க எவர் வந்தாலும் எதிர்ப்போம். 1959-இல் கேரளத்தில் பள்ளிச் சட்டத்தை முன்வைத்து மூண்ட கிளர்ச்சியில் ஓர் அமைச்சரவையே போயிற்று. 1960-இல் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன்வசமாக்கத் துணிந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள்ளேயே குடியேறிப் போராடினர். பறித்துக்கொள்வது வழியல்ல.

ஆனால் உரிமை ஒரு கேடயமா, திரையா? கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடங்களை எளியோருக்கு ஒதுக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் ஐயம் எழுப்பி, பேரமர்வு பார்க்கட்டும் என்றனர். நீதிபதிகள் சொல்லும் வரை காத்திருக்க வேண்டுமா? ஆண்டர்சனுக்கு எந்த நீதிமன்றம் ஆணையிட்டது? தாம்பரம் வட்டாரத்துக் கிறித்தவப் பள்ளிகள் தாமே முன்வந்து, கால் பங்கு இடங்களை, மதமோ சாதியோ பாராமல், பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தரட்டும். பாதிப் பேரை அவர்களே ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்தாலும் நமக்கு மறுப்பில்லை. தலித் கிறித்தவக் குடும்பங்களில் ஏழைகளுக்கா பஞ்சம்?

அப்படி முன்வரும் பள்ளிகளுக்கு, நன்கொடை வாங்குவதில்லை என்றும் தமிழ்வழிப் பிரிவு ஒன்றேனும் நடத்துவோம் என்றும் எழுதிக் கொடுக்கும் பள்ளிகளுக்கு, 1991-இல் மூடிய மானியக் கதவை அரசினர் அளவோடு திறக்க வேண்டும். புதிதாக ஓர் அரசுப் பள்ளி எழுப்ப ஆகும் இடமும் கட்டடமும் இங்கே ஆயத்தமாக இருக்கின்றன. ஊதியம் மட்டுமே பாக்கி. இதை அடுத்த நிதிநிலை அறிக்கைக் கூட்டத் தொடரில் பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை வரும்போது எழுப்புமாறு தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் தொகுதிகளின் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவர்களில் எவர் எழுந்து பேசினார், எவர் உட்கார்ந்திருந்தார் என்பதை மறுநாள் இதே இடத்தில் வெளியிடுவோம்.