முதல் 3 மேட்ச் தோத்தா சோலி முடிஞ்சுதா? நெல்லை ராயல் கிங்ஸ் ரசிகர்களுக்கு ஒரு கணக்கு

டி.என்.பி.எல் சீசன் ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அதுக்குள்ள சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கம் டீக்கடையில் தீர்ப்பு வந்துடும். முதல் இரண்டு மேட்ச் ஜெயிச்சா "இந்த வருஷம் கப் நமக்குத்தான்". தோத்தா "சோலி முடிஞ்சுதுல, அடுத்த வருஷம் பாப்போம்".

இதில் எது சரி? தொடக்கத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு நம்பலாம்? நெல்லை ராயல் கிங்ஸ் அணியின் பழைய சீசன்களையும் கொஞ்சம் எளிய கணக்கையும் வைத்துப் பார்க்கலாம்.

நெல்லை இதுவரை என்ன செய்திருக்கிறது?

2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல் தொடரில், நெல்லை பெயரில் ஒரு அணி வந்தது 2021-ல் தான். 2025 வரை 5 சீசன். அதில் 2022, 2023 ஆகிய 2 சீசன்களில் மட்டுமே பிளே ஆஃப். 2021, 2024, 2025 மூன்றிலும் லீக் சுற்றோடு வெளியே.

நல்லா ஆடிய அந்த 2 வருஷமுமே முழுசா மேலே போன கதை இல்லை.

2022: தொடரின் முதல் மேட்ச் தாழையூத்து சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில், சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்கு எதிராக. ஆட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. லீக்கில் முதல் 2 இடத்துக்குள் முடித்து குவாலிஃபயருக்கும் போனது. சஞ்சய் யாதவ் அந்த சீசனில் 452 ரன் குவித்தார். ஆனால் முதல் குவாலிஃபயரில் அதே சேப்பாக்கிடம் தோல்வி. இரண்டாவதில் லைகா கோவை கிங்ஸிடம் தோல்வி. ஃபைனல் மழையால் நின்றுபோக, சேப்பாக்கும் கோவையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. தொடக்க மேட்ச்சில் தோத்த அணி கையில் கப், ஜெயிச்ச அணி கையில் எதுவும் இல்லை.

2023: லீக் சுற்றில் கோவைக்கு எதிராக 182 ரன் இலக்கு. அஜிதேஷ் குருசாமி 112 ரன் அடித்து நெல்லையை ஜெயிக்க வைத்தார். அந்த சீசனில் மொத்தம் 385 ரன் எடுத்தார். எலிமினேட்டரில் மதுரையைத் தாண்டியாச்சு. அடுத்து சொந்த மைதானத்தில் திண்டுக்கல்லுக்கு எதிரான இரண்டாவது குவாலிஃபயர். கடைசி 12 பந்தில் 37 ரன் வேணும். 19-வது ஓவரில் மட்டும் 33 ரன் வந்தது. ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39 நாட் அவுட்.

இரண்டே நாள் கழித்து, ஜூலை 12-ம் தேதி, அதே மைதானத்தில் ஃபைனல். கோவை 205 ரன். நெல்லை 101-க்கு ஆல் அவுட். லீக்கில் எந்த அணியை ஜெயித்ததோ, அதே அணியிடம் 104 ரன்னில் தோல்வி.

தொடக்கம் நல்லா இருந்தால் கப் உறுதியா?

இல்லை. மற்ற அணிகளையும் பாருங்க.

2019-ல் சேப்பாக் தன் முதல் மேட்ச்சில் திண்டுக்கல்லிடம் தோத்தது. கடைசியில் அதே திண்டுக்கல்லை ஃபைனலில் வீழ்த்தி சாம்பியன் ஆனது. 2024-ல் அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல், எலிமினேட்டரில் இருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து கோப்பையைத் தூக்கியது. 2025-ல் நேர் எதிர்: சேப்பாக் லீக்கில் 7-க்கு 7 ஜெயித்தது. பிறகு இரண்டு குவாலிஃபயரிலும் தோத்து வெளியே போனது. சாம்பியன் ஆனது திருப்பூர் தமிழன்ஸ்.

அப்போ தொடக்கத் தோல்வியைக் கண்டுக்கவே வேண்டாமா?

இங்கதான் கணக்கு முக்கியம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும். முதல் 3 ஆட்டம் என்பது அதில் 2 சதவீதம்கூட இல்லை. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டத்தில் 31-ல் தோத்தும், அந்த வருஷம் உலகத் தொடரையே ஜெயித்தது. சரிசெய்துகொள்ள அவங்களுக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

டி.என்.பி.எல்-லில் 8 அணிகள். லீக்கில் ஒரு அணிக்கு 7 மேட்ச் மட்டுமே. 3 மேட்ச் முடிஞ்சாலே சீசனில் 43 சதவீதம் காலி. பிளே ஆஃபுக்கு 4 இடம். பொதுவாக 4 வெற்றி, அதாவது 8 புள்ளி எடுத்தால் போட்டியில் இருக்கலாம்.

ஒவ்வொரு மேட்ச்சும் சரிபாதி வாய்ப்பு, நாணயம் சுண்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்வோம். முதல் 3 மேட்ச் முடிந்த பிறகு, 4 வெற்றியைத் தொடும் வாய்ப்பு இப்படி இருக்கும்:

• 3 வெற்றி: மீதி 4-ல் ஒன்று போதும். 16-ல் 15 வாய்ப்பு.
• 2 வெற்றி: மீதி 4-ல் இரண்டு வேணும். 16-ல் 11.
• 1 வெற்றி: மீதி 4-ல் மூன்று வேணும். 16-ல் 5.
• வெற்றியே இல்லை: மீதி நாலும் ஜெயிக்கணும். 16-ல் 1.

அதாவது பிளே ஆஃபுக்குள் நுழைய தொடக்கம் ரொம்பவே முக்கியம். நுழைந்த பிறகு கப் யாருக்கு என்பதை அது சொல்லாது. டீக்கடைத் தீர்ப்பில் இந்த இரண்டும்தான் கலந்துபோகுது.

3 மேட்ச் தோத்த அணி மோசமான அணியா?

கட்டாயம் இல்லை. சரிசமமான அணிகள் ஆடினாலும், ஒரு அணி முதல் 3 மேட்ச்சையும் தோற்க 8-ல் 1 வாய்ப்பு உண்டு. தொடரில் இருப்பது 8 அணி. அதனால் அதிர்ஷ்டம் மட்டுமே வேலை செய்தாலும், சராசரியாக ஒரு அணி மூணுக்கு மூணு தோத்து நிற்கும். இன்னொரு அணி மூணுக்கு மூணு ஜெயித்து நிற்கும். 2022 தொடக்க மேட்ச்சில் சூப்பர் ஓவர் வரை போனதை நினைச்சுப் பாருங்க. ஒரு பந்து மாறியிருந்தால் இரண்டு அணிகளின் "தொடக்கமும்" மாறியிருக்கும்.

தோல்வியில் எதைப் பார்க்கணும்?

எவ்வளவு ரன்னில் தோத்தோம் என்பதைத்தான். புள்ளி சமமானால் நெட் ரன் ரேட்தான் முடிவு செய்யும். ஆல் அவுட் ஆனால், எத்தனை ஓவரில் ஆனாலும் முழு 20 ஓவராகவே கணக்கில் எடுப்பாங்க. 2023 ஃபைனல் மாதிரி ஒரு ஸ்கோர் லீக்கில் வந்ததுன்னு வைங்க: எதிரணி ஓவருக்கு 10.25, நாம 5.05. அந்த ஒரே நாளில் மைனஸ் 5.20. ஏழு மேட்ச்சுக்குப் பரப்பினாலும் கிட்டத்தட்ட 0.74 இறங்கும். 5 ரன்னில் தோத்தாலும் 100 ரன்னில் தோத்தாலும் புள்ளி பூஜ்யம்தான். ஆனா அட்டவணையில் இரண்டும் ஒண்ணு இல்லை.

இதில் வீரர்களுக்கு என்ன பங்கு?

ரசிகனுக்கு ஒரு சீசன் போனால் அடுத்தது வரும். வீரருக்கு அப்படி இல்லை. டி.என்.பி.எல்-லில் கண்ணில் பட்ட நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2018-ல் மதுரை பாந்தர்ஸ் சாம்பியன் ஆன சீசனில் ஆடிய வருண் சக்கரவர்த்திக்கு, அந்த டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி. முதல் 2 சீசன்களில் அட்டவணையின் அடியில் கிடந்த அணிதான் அந்த மதுரை.

இப்படி ஒரு வாசல் திறக்க வீரருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 7 லீக் மேட்ச். இரண்டு மேட்ச் சரியா ஆடலைன்னு ஒரு பையனை உட்கார வைத்தால், அவனுக்கு அந்த வருஷமே முடிஞ்சுபோகலாம். தொடக்கத் தோல்விக்குப் பயந்து அணியை அடிக்கடி மாற்றுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

அப்போ பதில் என்ன?

முதல் 3 மேட்ச்சில் ஒரு வெற்றி வந்தாலும் நெல்லைக்கு வழி இருக்கு. ஆனா அடுத்த ஒரு தோல்வியைத்தான் தாங்க முடியும். மூணும் போச்சுன்னா, கணக்குப்படி கதவு கிட்டத்தட்ட மூடியாச்சு. மூணும் ஜெயிச்சா பிளே ஆஃபுக்கு பஸ் டிக்கெட் பார்க்க ஆரம்பிக்கலாம். ஆனா கப் பேச்சு மட்டும் வேண்டாம். அதைப் பேச சேப்பாக்குக்கு 2025-ல் ஏழு வெற்றிகூடப் பத்தலை.