எது முதலில் சாக வேண்டும்?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ‘அமோர்த்திஸ்மான்’ என்று ஒரு சொல் உண்டு. கடனைச் சிறுகச் சிறுக அடைப்பதற்கும் அதுதான். கட்டடம், வண்டி முதலியவற்றின் மதிப்பை ஆண்டுதோறும் கழித்து எழுதுவதற்கும் அதுதான். உள்ளே இருக்கும் ‘மோர்’ என்பதற்கு மரணம் என்று பொருள். கடனும் சாகிறது, பொருளும் சாகிறது. எது முதலில் என்பதைத்தான் குடும்பங்கள் கவனிப்பதில்லை.

நம் பிள்ளைகள் வீட்டுக் கடன் வாங்கும்போது மாதத் தவணையை மட்டும் கேட்கிறார்கள். 20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதம் வட்டிக்கே 15,000 போய்விடும். அசலில் குறைவது 2,995தான். ஐந்து ஆண்டில் கட்டியது ஏறக்குறைய 10.8 லட்சம், ஆனால் அசல் பாக்கி இன்னும் 17.74 லட்சம். அசலில் பாதி தீரவே 14 ஆண்டு ஆகும்.

இதில் வங்கியின் சூது ஒன்றுமில்லை. நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் பாக்கி அதிகம், வட்டியும் அதிகம். ஆகவே ஆரம்பத்தில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்குத்தான் வலு. முதலாண்டு முடிவில் ஒரு லட்சம் சேர்த்துக் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், 27 தவணை குறையும். கிட்டத்தட்ட 4 லட்சம் வட்டி மிச்சம். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரனின் காதுகுத்துக்கு மண்டபம் பிடிக்க நினைத்த பணத்தை மகனின் கடனில் போடச் சொல்லுங்கள். ஆனால் நம் வைத்தியத்துக்கு ஒதுக்கியதைத் தொடக்கூடாது. அது தீர்ந்தால் அந்த மகன்தான் நமக்காக இன்னொரு கடன் வாங்குவான்.

காருக்குக் கணக்கு வேறு. தொழில் நடத்துவோரின் வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், குடியிருப்புக் கட்டடத்துக்கு 5, நிலத்துக்கு ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில் ஐந்தே ஆண்டில் காரின் மதிப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். அதற்கு ஏழு ஆண்டுக் கடன் எதற்கு? பொருள் சாகுமுன் கடன் செத்துவிட வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, அசல், வட்டி, பாக்கி ஆகிய மூன்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.