டிஸ்லெக்சியாவுக்கு டானிக் இல்லை, டீச்சர்தான் வைத்தியம்

1/ "டாக்டர், புள்ளைக்கு வாசிக்கவே வரலை, ஒரு டானிக் எழுதுங்க"ன்னு கேட்கிறாங்க. டிஸ்லெக்சியாவுக்கு டானிக் கிடையாது. எழுத்தையும் ஒலியையும் இணைச்சு, திரும்பத் திரும்பச் சொல்லித்தர்ற பயிற்சிதான் வைத்தியம்.

2/ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் உண்டு. சான்றிதழ் இருந்தா பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் கிடைக்கும். நல்லது. ஆனா பத்து வருஷம் வாசிக்கச் சொல்லித்தராம, பரீட்சை அன்னைக்கு மட்டும் கைகொடுத்தா போதுமா?

3/ சிறப்புக் கல்வி பி.எட். தனியா இருக்கு. இந்தப் புள்ளைங்களில் பெரும்பாலானவங்க உட்கார்ந்திருக்கிறது சாதாரண வகுப்பில். அங்கே இருக்கிறது சாதாரண பி.எட். டீச்சர்.

4/ நோயாளியைத் தொடாம யாரும் டாக்டராக முடியாது. வாசிக்கத் திணறுற ஒரு குழந்தையோட ஒரு பருவமாவது உட்காராம பி.எட். பட்டம் மட்டும் ஏன்? அதைக் கட்டாயமாக்குங்க. அதுவரை எந்தப் புள்ளையையும் "மக்கு"ன்னு சொல்லாதீங்க.