ஒன்றரை அங்குல முடி

டாலஸ் புறநகர் ஒன்றில் எனக்கு அண்ணன் மாதிரி ஒருவர் இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர். ஊரே பனியில் உறைந்து கிடந்தாலும் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். போன வருடம் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கினார். கையெழுத்துப் போடவேண்டிய தாள்களை எனக்கு அனுப்பி, "தம்பி, நீ ஒரு தடவ வாசிச்சுப் பாத்துரு" என்றார்.

நடுவில் ஒரு ஒப்புதல் படிவம் இருந்தது. போதைப்பொருள் பரிசோதனைக்கானது. உச்சந்தலையில் தோலை ஒட்டி ஒரு சின்னக் கற்றை முடியை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். ஆக, ஒன்றரை அங்குல முடி என்பது மூன்று மாத வரலாறு. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் கட்டாயம், நடுவில் குலுக்கல் முறையில் யாருக்கு வேண்டுமானாலும். முதல் தடவை மாட்டினால் பெற்றோருக்குத் தகவல், ஆலோசகர், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. இரண்டாவது தடவை என்றால் பள்ளியைவிட்டு விலக வேண்டும்.

"அண்ணே, இதுக்கு எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றேன். சிரித்தார். "மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு தம்பி?"

என் சண்டை இந்தப் பழமொழியோடுதான், அண்ணனோடு இல்லை. மடியில் கனமில்லாத பிள்ளைக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. கனம் இருக்கிற பிள்ளைக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்? அவன் போகிற வழியில் பயத்தைக் கொண்டுபோய் வைத்தால் அவன் கனத்தை இறக்கி வைக்கமாட்டான். வேறு வழியில் போவான். வாயை மட்டும் திறக்கமாட்டான்.

இது எப்படி இவ்வளவு சகஜமானது என்று பார்க்கலாம். 1995இல் ஓரிகன் மாநிலத்தின் வெர்னோனியா என்ற சிற்றூர் வழக்கில், பள்ளி விளையாட்டு வீரர்களிடம் குலுக்கல் முறையில் சிறுநீர் பரிசோதனை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறுக்கு மூன்று. 2002இல் ஓக்லஹோமாவின் டெகம்சே பள்ளி வழக்கில் அது இன்னும் நீண்டது. பாடகர் குழு, பேண்ட் வாத்தியக் குழு, அறிவுப்போட்டி அணி என எதில் சேர்ந்தாலும் சோதிக்கலாம் என்றது. ஐந்துக்கு நான்கு. இதெல்லாம் அரசுப் பள்ளிகளுக்கு. தனியார் பள்ளிக்கு இந்தத் தொல்லைகூட இல்லை. காரணமில்லாத சோதனையைத் தடுக்கும் நான்காவது சட்டத்திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் பள்ளிக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்தம். நீங்கள் போடும் கையெழுத்துதான் அங்கே சட்டம்.

எதிர்த்தரப்பில் இரண்டு நல்ல வாதங்கள் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நேர்மையாக இருக்காது.

முதலாவது: விருந்தில் நண்பர்கள் நீட்டும்போது "எங்க ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணுவாங்கடா" என்று தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கு கிடைக்கிறது. உண்மைதான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது உதவும். ஆனால் மூன்று மாத விடுமுறையிலும், பள்ளி முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரத்திலும் அந்தச் சாக்கு அவன் கையில் இருக்காது.

இரண்டாவது: ஆய்வு. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம் 2010இல் 36 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துப் பார்த்தது. பரிசோதனை உள்ள பள்ளிகளில், அதற்கு உட்பட்ட மாணவர்களில் 16 சதவீதம் பேர் கடந்த முப்பது நாளில் போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னார்கள். பரிசோதனை இல்லாத பள்ளிகளில் அதே மாதிரி மாணவர்களிடம் இது 22 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் "இனிமேல் எடுப்பாயா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். அதில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. இன்றைக்குக் கையைக் கட்டிப்போட்டது, மனதைத் தொடவில்லை. அதற்கு முன்னால், 2003இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் நாடு தழுவிய மாணவர் தரவுகளை அலசியபோது பரிசோதனை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் வேறுபாடு எதையும் காணவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் 2015இல், பள்ளிகளில் இதைப் பரவலாக நடைமுறைப்படுத்துவதை ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

நான் மென்பொருள்காரன். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிழையைச் சரிசெய்யாமல், பரிசோதனை மட்டும் பச்சை விளக்குக் காட்டும்படி கோடு எழுதிவிடுவது. பிள்ளைகளுக்கும் இது தெரியும். கஞ்சா எடுத்தால் சிறுநீரில் நாள்கணக்கில், வழக்கமாக எடுப்பவனுக்கு வாரக்கணக்கில்கூடத் தங்கும். குடித்த சாராயமோ மறுநாளே காணாமல் போய்விடும். முடிப் பரிசோதனையில் கடைசி ஒரு வாரம் தெரியவே தெரியாது, அந்த முடி இன்னும் தோலுக்கு வெளியே வந்திருக்காது. ஒரே ஒரு தடவை எடுத்ததும் பெரும்பாலும் சிக்காது. எதைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால், சோதிக்காததற்கு மாறிக்கொள்ள பதினாறு வயதுக்கு அரைமணி நேரம் போதும்.

இப்போது ஆளைக் கொல்வதும் அந்த ஒரே ஒரு தடவைதான். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை, பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் 2,231 பேர் அளவுக்கு மீறிய போதையால் இறந்திருக்கிறார்கள். அதில் 84 சதவீதம் மரணங்களில் ஃபென்டனில் இருந்தது. கால்வாசி மரணங்களில் போலி மாத்திரைக்கான தடயம். வலிமாத்திரை என்றோ, பதற்றத்துக்கான மாத்திரை என்றோ நினைத்துப் பிள்ளை விழுங்குகிறது. உள்ளே ஃபென்டனில். தொண்ணூறு நாள் வரலாறு பார்க்கும் கத்தரிக்கோல் இங்கே என்ன செய்யும்?

அதே அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத எண் வேறொன்று. ஏறக்குறைய மூன்றில் இரண்டு மரணங்களில் பக்கத்திலோ அதே வீட்டிலோ இன்னொருவர் இருந்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் பயத்தால் சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் வேறு அறையில் இருந்திருக்கிறார்கள், பலருக்கு அது ஆபத்து என்றே தெரியவில்லை. பக்கத்து அறையில் ஒருவன் என்ன எடுத்திருக்கிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் மாட்டுவோம் என்று பிள்ளைகளைப் பழக்கினால் தெரியாதவர்களின் எண்ணிக்கை கூடுமா, குறையுமா?

சில வருடம் முன்பு என் கைப்பிழையால் எங்கள் சேவை முக்கால் மணி நேரம் படுத்துவிட்டது. இரண்டாவது நிமிடத்தில் "நான்தான் செய்தேன்" என்று குழுவுக்கு எழுதினேன். என் நல்ல குணம் ஒன்றும் காரணமில்லை. தவறைச் சொன்னவனைத் தண்டிப்பதில்லை என்பது அங்கே விதி. அதற்கு முந்தைய வேலையில் பிழை செய்தவனைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அங்கேயும் பிழைகள் நடந்தன. மறுநாள் காலைதான் தெரியவரும், அதற்குள் தடயங்களை அழித்திருப்பார்கள். தவறைச் சொன்னால் தண்டனை என்கிற இடத்தில் தவறு குறையாது, தகவல்தான் குறையும். சர்வர் விஷயத்தில் எங்களுக்குத் தெரிந்த இந்தச் சின்ன உண்மையைப் பிள்ளைகள் விஷயத்தில் ஏன் மறந்துவிடுகிறோம்?

கிறிஸ்தவப் பள்ளி என்பதால்தான் எனக்குக் கூடுதல் வருத்தம். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில், சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வருகிற மகனை அப்பா தூரத்திலேயே பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வா என்று சொல்வதில்லை. பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்று காலை ஜெபத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு அறிக்கையை ஆய்வகத்திலிருந்து வரவழைப்பது என்ன முறை? முதல் தடவை வாய்ப்புக் கொடுக்கிறோமே என்பார்கள். சரி. பிள்ளை தானாக வந்து சொன்னால் அது எந்தக் கணக்கில் சேரும்? முதல் தடவையிலா?

இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தானாக வந்து சொல்கிற பிள்ளைக்கு, நண்பனுக்காக ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற பிள்ளைக்கு, தண்டனை கிடையாது என்று எழுதித் தருவீர்களா? ஃபென்டனிலை முறிக்கும் நலோக்சோன் பள்ளியில் இருக்கிறதா? 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் விற்க அனுமதி உண்டு. போலி மாத்திரை என்றால் என்ன, மூச்சு நின்றுபோகிறவன் எப்படி இருப்பான் என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

அண்ணன் எழுதிக் கேட்டார். மருந்து இருக்கிறது என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் நிர்வாகம் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். கட்டணம் கட்டியாகிவிட்டது, கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் குறை சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது மகளிடம், "எங்க இருந்தாலும், என்ன ஆயிருந்தாலும், எனக்கு ஒரு போன் பண்ணு. வந்து கூட்டிட்டு வாறேன். திட்டமாட்டேன்" என்றாராம்.

அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"ஸ்கூலுக்குத் தெரிஞ்சிருமாப்பா?"

போதைப்பொருளை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மடியில் கனமே இல்லாத பிள்ளை அது. அதற்கும் பயம் வந்துவிட்டது.